அரை நிமிடத் தாமதம்

மார்ச்சில் முதல் முட்டை.
பனி கொட்டிக்கொண்டிருந்தது, அவள் எழவில்லை.
தலை வெளுத்து, முதுகு வெளுத்து,
கடைசியில் மஞ்சள் அலகு மட்டும்
கூட்டில் யாரோ மறந்துவைத்த கத்தியைப் போல.

நான் மரம் வெட்டுகிறவன்.
கோடரி கிடையாது.
எட்டுச் சக்கர எந்திரம், சூடேற்றிய இருக்கை,
ஒரு பைனைப் பிடித்து அறுத்துக் கிளை உரித்து
மூன்று துண்டாகக் கிடத்த நாற்பது நொடி.
கண்ணாடிக் கூண்டுக்குள்
தடிமன் காட்டும் திரைக்குப் பக்கத்தில்
போனைச் சாய்த்துவைத்திருப்பேன்.
அதில் இன்னொரு பைன்.
அது நின்றுகொண்டிருக்கும்.

எங்கே என்று சொல்லமாட்டார்கள்.
குர்செமே என்று மட்டும் போட்டிருக்கும்.
குர்செமே முழுக்கக் காடுதான்.
முட்டை திருடுகிறவனுக்கும் படிக்கத் தெரியும்.

மிர்த்ஸாவும் பார்க்கிறாள்.
அயர்லாந்தில், காளான் பண்ணையில், மூன்று வருஷமாக.
மகனுக்குப் பணம் வரும், சட்டை வரும்.
எனக்கு வந்தது இது:
"இரண்டாவதும் பொரிந்தது, பார்த்தாயா?"
"பார்த்தேன்."
ஏப்ரல் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

பெரியது சின்னதைக் கொத்தியது.
தாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.
தகப்பன் துள்ளுகிற மீனைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.
நான் இரண்டுக்கும் நடுவே விரலை வைத்தேன்.
படம் பெரிதானது.
கொத்துவது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் சின்னது தலை தூக்கவில்லை.
அவள் அலகால் புரட்டினாள்.
பாசி கொண்டுவந்து மேலே வைத்தாள்.
அடக்கம் செய்கிறாள் என்று நினைத்து
எந்திரத்தில் உட்கார்ந்தபடி தொப்பியைக் கழற்றினேன்.
மறுநாள் கிளறி எடுத்துப்
பெரியதற்கு ஊட்டினாள்,
சிறு சிறு துண்டாக, மிகப் பொறுமையாக.
மிர்த்ஸாவிடமிருந்து அன்று ஒன்றும் வரவில்லை.

மே மாதம் வேறு இடத்துக்கு அனுப்பினார்கள்.
வரைபடத்தில் ஒரு பச்சைக் கட்டம், எண் நாற்பத்தொன்று.
காதில் கூட்டின் ஓசை:
காற்று, ஈ, பட்டை உரசல்.
அதற்குள் ஒரு ரீங்காரம்.
பிறகு ஒரு மரம் சாய்கிற சத்தம்.

எனக்கு முன்னால் எதுவும் சாயவில்லை.
அரை நிமிடத்துக்கு முன்னால் சாய்ந்திருந்தது.

நம்பாமல் இன்னொன்றை அறுத்தேன்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது,
போனுக்குள் விழுந்தது.
குஞ்சு கூட்டோடு கூடாக ஒட்டிப் படுத்தது.
அவள் எழுந்து, கழுத்தை நீட்டி,
கேமரா காட்டாத வலது பக்கம் பார்த்தாள்.
என்னை.

சாவியைத் திருப்பி அணைத்தேன்.
போனில் நான் இன்னும் அறுத்துக்கொண்டிருந்தேன்.
நிறுத்து என்றேன்.
சத்தமாகவே சொன்னேன்.
நேரம் வந்தபோதுதான் நின்றது.

ஹைட்ராலிக் குழாய் கிழிந்துவிட்டது என்று
மேஸ்திரி ஐமன்ட்ஸிடம் சொன்னேன்.
கிழிந்துதான் இருந்தது.
கத்தியை எவ்வளவு துடைத்தும்
மதிய ரொட்டியில் எண்ணெய் நாறியது.
காரணம் சொன்னால் இடத்தைச் சொன்னதாகிவிடும்.
ஐமன்ட்ஸுக்கு வாய் பெரிது.

நாலாம் நாள் புதுக் குழாய் வந்தது.
அதற்கு முன்னால் வனத்துறைக்காரி ஒருத்தி வந்து
மரத்துக்கு மரம் சிவப்பு நாடா கட்டினாள்.
யார் போட்டுக்கொடுத்தது என்றான் ஐமன்ட்ஸ்.
சுவருக்கே காது இருக்கிறது,
காட்டுக்கு இருக்காதா என்றேன்.
எனக்கும் தெரியவில்லை.

ராத்திரி மிர்த்ஸா எழுதியிருந்தாள்:
"செவ்வாய்க்கிழமை அறுக்கிற சத்தம் கேட்டது.
வனத்துறைக்குப் போன் போட்டேன்.
மூன்று பேரிடம் கத்தினேன்.
எந்த மடையன் அது?"

"தெரியாது" என்று அடித்தேன்.
அழித்தேன்.
"அவனாகவே நிறுத்திவிட்டான், கவனித்தாயா?"
அதையும் அழித்தேன்.
"நான்தான்."

எழுதுகிறாள் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது.

கூட்டில் கறுப்பு வெள்ளை இரவு.
குஞ்சு விழித்துக்கொண்டு
இறகு முளைத்தும் முளைக்காத கைகளை
ஒருமுறை விரித்துப் பார்த்தது,
சட்டை அளவு சரியா என்று பார்க்கிற பையனைப் போல.
பிறகு பின்பக்கம் திரும்பி
கேமராக் கண்ணாடி மேலேயே
எச்சத்தைப் பீய்ச்சியது.

பாதி கூடு மறைந்துவிட்டது.
மீதிப் பாதியைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.